வேன் வீட்டின் குழாய்களில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

போடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வீடாக மாற்றி வைத்திருக்கிறார். 100 லிட்டர் தொட்டி, 12 வோல்ட் பம்பு, பத்து லிட்டர் கீசர், சமையல் சிங்க், ஷவர், கழிவுப் பெட்டியைத் தனியே கழற்றி எடுக்கும் காசெட் கழிப்பறை எல்லாம் உண்டு. ஜனவரியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மூணாற்றுப் பக்கம் நான்கு இரவுகள் தங்கப் போகிறார். பிப்ரவரியில் சிம்லா, கின்னவூர் வழியாக இமாச்சல் மலைகளில் இருக்கும் ஸ்பிதிக்குப் போவது திட்டம். "கேரளாவில் என்ன உறையப் போகிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார் ஒரு நண்பர். "தொட்டியில் இரண்டு லிட்டர் ரேடியேட்டர் கூலண்ட் ஊற்றிவிடு" என்கிறார் ஒரு மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது என்று புரியவில்லை என்கிறார்.

தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். முதலில் அந்தக் கூலண்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது.

ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது விஷம். லேசாக இனிக்கும், வாடை இல்லை. ஒரு குழந்தை அறியாமல் குடித்துவிடும். சிறுநீரகத்தை அழித்துவிடும். இதற்கு நெருங்கிய உறவான டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த இருமல் மருந்தைக் குடித்து 2022-இல் காம்பியா நாட்டில் பல குழந்தைகள் இறந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தப் பொருளைப் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கும் குழாய்க்குள் விடவே கூடாது. பிறகு கழுவிக்கொள்ளலாம் என்ற சமாதானமும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கேரவன்காரர்கள் குழாயில் ஊற்றுவது வேறு திரவம். அது புரோப்பிலீன் கிளைக்கால். மருந்திலும் உணவிலும் சேர்க்கிறார்கள். அங்கே அதை இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கிறார்கள். அதனால் "பிங்க் நிறமாக இருந்தால் பயமில்லை" என்ற பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்ஜின் கூலண்டே பச்சை, சிவப்பு, பிங்க் என்று எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள். உணவுத் தரம் அல்லது மருந்துத் தரம் என்று எழுதியிருக்க வேண்டும். தொழிற்சாலைத் தரம் என்று கேனில் விலை குறைவாகக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

இப்போது கேரளாவில் உறையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மூணாற்றுப் பக்கம் சிட்டிவாரை எஸ்டேட்டில் பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவன். ஃபேக்டரியில் குழாய் வேலை பார்த்து, இப்போது போடியில் வேன்களை வீடாக மாற்றும் பட்டறையில் தண்ணீர் வேலை முழுவதையும் கவனிக்கிறேன். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இப்படிப்பட்ட வண்டிகள் ஏறுவது கண்ணில் படுகிறது. அவற்றில் பலவற்றின் தண்ணீர் அமைப்பு கடற்கரை ஊருக்காகச் செய்தது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை செண்டுவாரை, சிட்டிவாரை, லெட்சுமி, கன்னிமலை, சைலண்ட் வேலி எஸ்டேட்டுகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். 2019 ஜனவரியில் பல நாட்கள் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போய், தேயிலை கருகி நின்றது.

அந்த ஜனவரியில்தான் நான் குழாய் போட்டுக் கொடுத்த ஒரு வேன் குண்டலை அணைப் பக்கம் இரவு நின்றது. இடம் மிச்சம் என்று தண்ணீர் ஃபில்டரை வண்டித் தளத்துக்கு அடியில் மாட்டியிருந்தேன். விடிந்தபோது அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணம் நெடுக விரிசல் விட்டிருந்தது. வெயில் வந்து பனிக்கட்டி இளகியதும் குழாயில் அழுத்தம் குறைந்து, பம்பு தானாக ஓட ஆரம்பித்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் சாலையில் கொட்டிவிட்டது. கைக்குழந்தையோடு போனவர்கள். அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு ஃபில்டரை நான் தளத்துக்கு அடியில் வைத்ததே இல்லை.

அதே இரவில் அந்த வண்டியின் 100 லிட்டர் தொட்டியில் பனிக்கட்டியின் சுவடு கூட இல்லை. இதற்கான காரணம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்வதற்கு ஒரு கலோரி வெப்பத்தை விட்டால் போதும். பூஜ்யத்துக்கு வந்த பிறகு பனிக்கட்டியாக மாறுவதற்கு மேலும் 80 கலோரியை விட வேண்டும். மூணாற்றில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பது விடியலை ஒட்டிய சில மணி நேரம்தான். அதற்குள் 100 லிட்டர் உறைந்துவிடாது. ஆனால் அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு இருப்பது சுமார் 125 மில்லி தண்ணீர், ஒரு தேநீர் டம்ளர் அளவு. தளத்துக்கு அடியில் காற்று படும்படி ஓடும் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் சீக்கிரம் உறைந்துவிடும்.

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது. குழாய் வெடிப்பது பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நடுவில் ஒரு கட்டி உருவாகி, அது வளர வளர, தனக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்க முடியாது; அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. அது எல்போவாகவோ பம்பின் தலையாகவோ ஃபில்டர் கிண்ணமாகவோ இருக்கும். அதனால்தான் வடித்த பிறகும் எல்லாக் குழாய்களையும் திறந்தே வைக்கச் சொல்கிறோம். ஓரிரண்டு சொட்டு உள்ளே தங்கியிருந்தாலும் அது பருப்பதற்கு வழி இருக்கும்.

உங்கள் வண்டியில் என்ன குழாய் போட்டிருக்கிறார்கள் என்று எழுதவில்லை. வீட்டு வேலைக்குப் போடும் வெளிர் மஞ்சள் சிபிவிசியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குளிரில் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மலைச்சாலைக் குலுக்கலும் அதோடு சேரும். பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் பெக்ஸ் என்றாலும் இணைப்புகள் விரிந்து கொடுக்காது.

மூணாற்றுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். கிளைக்கால் எதுவும் தேவையில்லை. எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஓடைக்கரைப் புல்வெளி மைனஸில் இருக்கும்போது நூறு அடி மேலே சரிவில் பனி பூக்காமலேயே இருக்கும். படம் எடுக்க அழகான இடம் அந்தப் புல்வெளிதான். இரவு அங்கே நிற்காதீர்கள். கொழுந்து பறிக்கும் அக்காமார்களிடம் "எந்தப் பக்கம் வருஷா வருஷம் தேயிலை கருகும்?" என்று கேளுங்கள். அவர்கள் கைகாட்டும் இடத்தை விட்டுத் தள்ளி, அனுமதி உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

படுக்கும் முன் பம்பை நிறுத்திவிட்டு, தளத்துக்கு அடியில் தாழ்வான இடத்தில் இருக்கும் வடிப்பு வால்வுகளைத் திறந்து குழாய்களில் இருக்கும் தண்ணீரை மட்டும் வடியுங்கள். தொட்டி வண்டிக்குள் இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியேறும் வாயில் ஒரு வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாயை வடிக்கப் போய்த் தொட்டியையே காலி செய்துவிடுவீர்கள். போடியிலேயே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தண்ணீர் பிடிக்கும் ஹோஸைக் கழற்றி, உதறிச் சுருட்டி உள்ளே வையுங்கள். சிங்க்குக்குக் கீழ் இருக்கும் கதவுகளைத் திறந்து வைத்தால் நான்கு பேரின் மூச்சுச் சூடே அங்கே போய்ச் சேரும். இரவுக்கும் விடியற்காலைக்கும் ஒரு இருபது லிட்டர் கேன் உள்ளே இருக்கட்டும். குளிர் நாட்டு வீடுகளில் செய்வதைப் போல, உறையாமல் இருக்கக் குழாயைச் சொட்ட விட்டு வைக்கலாமா என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு வருவது தொட்டித் தண்ணீர், போய்ச் சேர்வது கழிவுநீர்த் தொட்டி. ஒன்று காலியாகும், மற்றது நிரம்பி உறையும்.

ஸ்பிதி முற்றிலும் வேறு. அதன் முக்கிய ஊரான காசா 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 20 என்பது அங்கே சாதாரணம். பகலிலும் பூஜ்யத்தைத் தாண்டாத நாட்கள் உண்டு. அங்கே வாழ்கிறவர்களே குளிர்காலத்தில் வீட்டுக் குழாய்களை வடித்து மூடிவிட்டுக் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் பிடிக்கிறார்கள், உலர் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள். இதில் அவர்களைப் பின்பற்றுவதுதான் நல்லது. சிம்லாவைத் தாண்டும் முன்பே வண்டியின் தண்ணீர் அமைப்பை முழுவதுமாக மூடிவிட்டு, கேபினுக்குள் கேன்களை வைத்துக் குடும்பம் நடத்துங்கள். சில நாட்களுக்கு ஷவர் இல்லை என்றால் ஒன்றும் ஆகிவிடாது. கேன்களைக் கழுத்து வரை நிரப்பாமல், கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள்.

மூடுவதற்கு முதலில் கீசர். மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தி, ஆற விடுங்கள்; அவசரப்பட்டால் கொதிநீர் கையில் கொட்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு வடிப்புத் திருகைக் கழற்றுங்கள். கீசர் காலியானதும் அதன் சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் யாராவது போட்டுவிட்டால் உள்ளே சூடாக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும். ஐரோப்பிய வண்டிகளில் வரும் ட்ரூமா போன்ற சில ஹீட்டர்களில், சுற்றிலும் வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து தண்ணீரை வெளியே விடும் வால்வு இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அது ஹீட்டரை மட்டும்தான் காப்பாற்றும்.

பிறகு தொட்டியை முழுவதும் காலி செய்து, வடிப்பு வால்வுகளைத் திறந்து, வெந்நீர், தண்ணீர் இரண்டு பக்கக் குழாய்களையும் திறங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் கைப்பிடியை ஒரு பக்கம் வைத்துக் கொஞ்ச நேரம், மறுபக்கம் வைத்துக் கொஞ்ச நேரம், கடைசியில் நடுவில் வைத்து விட்டுவிடுங்கள். வடிந்துவிட்டது என்று தோன்றும்போது இன்னும் பாதி வேலை மீதம் இருக்கிறது. குழாய் தொங்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைக் காற்றால் தள்ள வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும், ஆனால் அதில் 100 பாயிண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அப்படியே விட்டால் உங்கள் குழாயைக் குளிர் வரும் முன் காற்றே பிளந்துவிடும். ரெகுலேட்டர் வைத்து 30 பாயிண்டுக்குக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் திறந்து, சீறல் உலர்ந்த சத்தமாக மாறும் வரை ஊதுங்கள். தொலைவில் இருக்கும் குழாயில் ஆரம்பியுங்கள்.

தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டிகள் உடைவது இங்கேதான். பம்பின் தலைக்குள் எப்போதும் கொஞ்சம் நிற்கும். காலியான பிறகு சில நொடிகள் மட்டும் பம்பை ஓட்டி அதைத் துப்ப வையுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன வலைக் கிண்ணம் இருக்கும், அதைக் கழற்றிக் கவிழ்த்துங்கள். குடிநீர் சுத்திகரிப்பான் இருந்தால் அதன் வடிகட்டியையும் மெம்பிரேனையும் எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு முறை உறைந்த மெம்பிரேனை நம்பக் கூடாது. ஷவரின் வளையும் குழாயைக் கழற்றித் தொங்கவிடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாயைக் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஃப்ளஷ் பட்டனை அழுத்தி அதையும் ஊதுங்கள். வண்டிக்கு வெளியே கால் கழுவ வைத்த குழாயும் அப்படித்தான்.

இவற்றை விட மோசமானது பால் வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை திரும்பித் தண்ணீரை மூடித் திறக்கும் வால்வு. அதை முழுவதும் மூடினால் நடுவில் இருக்கும் உருண்டையின் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். அந்தச் சில மில்லி போதும், வால்வின் உடலே பிளக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, ஊரில் வந்து தண்ணீர் விடும்போதுதான் சொட்டும். எல்லாம் வடிந்த பிறகு ஒவ்வொரு பால் வால்வையும் பாதி திறந்த நிலையில் சாய்வாக விட்டுவிடுங்கள்.

மைனஸ் 20-க்குப் போகிறவர் காற்று ஊதியதோடு நிறுத்தக் கூடாது. அங்கேதான் புரோப்பிலீன் கிளைக்கால் வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு கலந்தால் சுமார் மைனஸ் 13 வரை உறையாது, பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 33 வரை உறையாது. உங்களுக்குப் பாதிக்குப் பாதி. வீட்டிலேயே நல்ல தண்ணீரில் அளந்து கலந்து கேனில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் ஊற்றாதீர்கள், வீண். பம்பின் உறிஞ்சும் பக்கக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி அந்தக் கேனுக்குள் விட்டுப் பம்பை ஓட்டுங்கள். ஒவ்வொரு குழாயிலும் கலவையே வருகிறதா என்று பார்க்க, கேனில் கொஞ்சம் உணவு நிறம் கலந்துகொள்ளலாம். கீசரைச் சுற்றிப் போகும் பைபாஸ் இல்லையென்றால் உங்கள் கலவையில் பத்து லிட்டரை அந்தக் கீசரே குடித்துவிடும். மூன்று வால்வு வைத்து ஒரு பைபாஸ் போடுவது அரை நாள் வேலைதான். சிங்க்குக்கும் ஷவருக்கும் அடியில் இருக்கும் பாட்டில் டிராப்புகளில் ஆளுக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். அவற்றைக் காற்றால் காலி செய்ய முடியாது, காலி செய்தால் கழிவுத் தொட்டி நாற்றம் வண்டிக்குள் ஏறும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து, அதன் வால்வு நனையும் அளவுக்கு ஒரு லிட்டர் விடுங்கள்.

உப்புத் தண்ணீர் விடலாமா, சாராயம் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உப்பு பித்தளையையும் கீசரின் உள்பக்கத்தையும் அரித்துவிடும். சாராயம் ரப்பர் வாஷர்களைக் கெடுக்கும், கேஸ் அடுப்பு இருக்கும் சிறிய வண்டியில் தீயும் பிடிக்கும். இரண்டும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு காலை குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்கோ உறைந்திருக்கிறது என்று தெரிந்தால் முதலில் பம்பின் ஃபியூஸைக் கழற்றுங்கள். பிறகு குழாய்த் திருகைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து உள்நோக்கி வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே போங்கள். கேஸ் டார்ச், மெழுகுவர்த்தி எதையும் குழாய்க்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். இளகி முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கையால் தடவிப் பார்த்த பிறகே ஃபியூஸைப் போடுங்கள்.

திரும்பி வந்ததும் குழாய்களைக் கழுவ வேண்டும். அந்தக் கலவை விஷமில்லை என்பதற்காக ஓடையோரம் திறந்துவிடாதீர்கள். அது சிதையும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை நிறைய உறிஞ்சிவிடும், மீன் தாங்காது. மூணாற்றில் நீங்கள் விடும் சிங்க் தண்ணீருக்கும் இதுதான் பொருந்தும். அங்கே கால்வாயில் விட்டால் பெரும்பாலும் முதிரப்புழை ஆற்றில் போய்ச் சேரும், கீழே ஆட்கள் அதைப் புழங்குகிறார்கள். ஒரு வாளியில் பிடித்து, கழிவுநீர்க் குழாய் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். கலவை போன பிறகு, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில், அதாவது உங்கள் தொட்டிக்கு 100 மில்லி, கலந்து எல்லாக் குழாயிலும் வர விட்டு நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு குளோரின் வாடை போகும் வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியிலேயே, நல்ல வெயிலில், இவ்வளவையும் ஒரு முறை செய்து பாருங்கள். வால்வுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு அட்டையில் எழுதிச் சிங்க் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், உங்கள் மனைவியும் ஒரு முறை தன் கையால் திறந்து மூடிப் பார்க்கட்டும். கீசரின் வடிப்புத் திருகுக்குப் பொருந்தும் ஸ்பேனரையும், அதற்கு ஒரு மாற்று வாஷரையும் அந்தக் கதவிலேயே ஒரு பையில் கட்டித் தொங்கவிடுங்கள். சிம்லாவில் இருட்டிய பிறகு அந்த அளவு ஸ்பேனரைத் தேடி அலைய முடியாது.